பக்கமலையில் பத்து நாள்

1938 மே 2, திண்டிவனம்

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டாயிற்று. நாளை பக்கமலைக்குப் புறப்படுகிறேன். தனியாக, பத்து நாள். சென்னைக் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் நண்பர் அரங்கநாதனுக்கு அந்த மலைச் செடிகளின் படங்கள் வேண்டுமாம். டிராயிங் வாத்தியார் நான். வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டேன். போன வருஷமும் இப்படித்தான் ஒப்புக்கொண்டு போனேன். தனிமை தாங்காமல் மூன்றாம் நாளே ஓடிவந்துவிட்டேன்.

என் மனைவி செண்பகம் கேப்பை மாவை மூட்டை கட்டிக்கொண்டே, "பத்து நாளைக்குக் கட்டட்டுமா, மூணு நாளைக்குப் போதுமா?" என்றாள். சிரித்து வைத்தேன்.

மே 4

சுனைக்குப் பக்கத்தில் ஒரு பாறைக் குடைவு. சௌகரியமான இடம். இரண்டு செடி வரைந்தேன்.

மே 5

மூன்றாம் நாள். பொழுது சாய்ந்ததும் போன வருஷத்துத் தனிமை வந்துவிட்டது. மிருகங்களை நினைத்துப் பயமில்லை. பேச ஆளில்லை, அதுதான். பாயைச் சுருட்டிவிட்டேன். எதுக்குடா இங்க வந்து கெடக்கற? யார் கேட்டா? — பாதி வரைந்த இலை வாடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. பாயை மறுபடி விரித்தேன்.

மே 6

இனி காலையில் செடி தேடுவது. வெயில் ஏறியதும் நிழலில் வரைவது. பிறகு விறகு, தண்ணீர். மாலையில், அன்று பார்த்ததை உரக்கச் சொல்வது. கேட்பது பாறைதான். இருக்கட்டும்.

மே 8

சறுக்கி விழுந்தேன். வலது கணுக்கால் வீங்கிவிட்டது. சுனைக்குத் தவழ்ந்துதான் போகிறேன். கத்திப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.

மே 9

நடக்க முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஏழு விதப் புல்பூண்டு! இத்தனை நாளும் மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒன்றின் பூ எள்ளளவு. அதை வரையவே ஒரு பகல் ஆயிற்று. வலி நினைவுக்கு வரவில்லை.

மே 10

ஆடு மேய்க்கும் பூமாலை என்ற பெண் என்னைக் கண்டு ஓடிவந்தாள். பச்சிலை அரைத்துக் கட்டினாள்.

"எங்க ஊட்டுக்காரர ஜல்தியா இட்டாறேன். கீழ எறக்கி வுட்ருவாரு."

"இன்னும் ரெண்டு நாள் வேலை இருக்கும்மா. அப்புறம் வரச் சொல்லு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க ஐயா, ஊட்டுல சண்ட போட்டுக்கினு வந்தீங்களா?"

மே 13, திண்டிவனம்

நேற்று பூமாலையின் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இருபத்துமூன்று படங்கள். செண்பகம் காலைப் பார்த்து அழுதாள். படங்களைப் பிறகுதான் பார்த்தாள்.

ஆகஸ்ட் 21

செண்பகம் விழுப்புரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் நான்கு நாள். வீட்டில் நான் மட்டும். கிணற்றடியில் ஒரு கொடி பூத்திருந்தது. காலையில் வரைய உட்கார்ந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. உலை வைக்கவே மறந்திருக்கிறேன்.

வாசலில் செண்பகம். "தனியா பேஜாரா இருக்குமேன்னு ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டேங்க."

"ஆமாம், கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

பொய். ஆனால் அவளைப் பார்த்ததும் வந்த சந்தோஷம் பொய்யில்லை.