முதல் மீன்

அலாஸ்கா,
28 செப்டம்பர் 1997

அன்புள்ள அஞ்சனா அப்பாவுக்கு, சாரதாவின் நமஸ்காரம்.

சௌக்கியம் என்று எழுதித்தான் பழக்கம். உங்களிடம் பொய் எதற்கு? நான் சௌக்கியமாக இல்லை.

கிளினிக்கை ஒட்டி ஓடும் ஓடை கலிபோர்னியாவில் நம் சான்டா கிளாரா வீட்டுத் தெருவின் அகலம்கூட இருக்காது. அதன் ஓரமெல்லாம் இப்போதே உறைய ஆரம்பித்துவிட்டது. கரையில் இருக்கும் மூன்று கிராமங்களுக்கும் நான் ஒருத்திதான் டாக்டர். விசாவுக்காக மூன்று வருஷம் இருந்தாக வேண்டிய இடத்தில் ஏழு மாதம்தான் போயிருக்கிறது.

ஜூலை, ஆகஸ்டில் என்னிடம் யாருமே வரவில்லை என்று போனில் புலம்பினேனே, காரணம் போன வாரம்தான் தெரிந்தது. ஜூனில் எட்டு வயசுப் பெண் ஒருத்தி ஒரு மீனைக் கொண்டுவந்து நீட்டினாள். நாங்கள் சைவம், வீட்டுக்கே எடுத்துப் போ என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினேன். உங்கள் அம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

இங்கே ஒரு குழந்தை முதன்முதலாகப் பிடிக்கும் மீனை அந்த வீட்டில் சமைக்க மாட்டார்களாம். வேறு யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமாம். புதிதாக வந்த டாக்டருக்குத்தான் கொடுப்பேன் என்று அவள் அடம்பிடித்திருக்கிறாள். அதை நான் திருப்பி அனுப்பியதில் ஊரே மனம் நொந்துபோயிற்று என்று நர்ஸ் சொன்னாள். வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் போதுமே, சாப்பிடச் சொல்லி யார் கட்டாயப்படுத்தினார்கள்?

நேற்று அந்தப் பெண் இருமலோடு வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மீனைக் கொண்டு வா, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கோபமே இல்லாமல், அது முதல் மீன் இல்லையே என்றாள். மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அஞ்சனாவுக்கு முதல் பல் விழுந்ததைப் பத்து நாள் கழித்து உங்கள் கடிதத்தில் படித்தேன். போனில் கூப்பிட்டால், ஐ யாம் பிஸி அம்மா என்று வைத்துவிடுகிறாள். அவளை இங்கே அழைத்து வரச் சொன்னால், குளிர், ஸ்கூல், அடுத்த சம்மர்ல பாத்துக்கலாம் என்கிறீர்கள். நீங்கள் சொல்வது நியாயம்தான். நானும் அந்த மீனை நியாயமாகத்தான் திருப்பி அனுப்பினேன்.

கிறிஸ்துமஸ் லீவில் அவளை அழைத்து வாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அவளுக்குக் கம்பளிக் கோட்டு வாங்கப் போனேன். கடைக்காரி அளவு கேட்டாள், சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். அவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்து, இப்போது எவ்வளவு உயரம் என்று உடனே எழுதுங்கள்.

குழந்தை நன்றாக இருக்கட்டும்.

உங்கள்,
சாரதா