அவளிடம் கேட்ட கேள்விகள்

1966 ஆகஸ்ட் 3, கடலூர் முதுநகர்

இன்றும் பள்ளிக்கூடத்தில் அமராவதி வாய் திறக்கவில்லை. வீட்டில் ஓயாமல் வாயாடுகிற பெண். ஆறு வயது. வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். "வீட்டுல பேசுதுன்னு நீங்க சொல்றீங்க. வேற யாரும்மா கேட்டது? அரைப் பரீட்சைக்கு நானே வந்து வாசிக்கச் சொல்வேன். அன்னிக்கும் பேசலைன்னா பேரை எடுத்துடறேன். மெட்ராஸ்ல ஊமைப் பிள்ளைங்களுக்கு ஹாஸ்டலோட பள்ளிக்கூடம் இருக்கு."

என் வீட்டுக்காரர் 'பார்க்கலாம்' என்கிறார். எதைப் பார்ப்பது? ஆறு வயசுல ஹாஸ்டலா? வயித்த வலிச்சா அங்க யார்கிட்ட சொல்லும்?

ஆகஸ்ட் 10

அவள் வகுப்பு டீச்சர் ஜெய்னப், பரங்கிப்பேட்டைப் பெண், என்னைவிடச் சின்னவள். அண்ணாமலை நகரில் பி.டி. ஆசிரியர் பயிற்சி முடித்துப் புதிதாக வந்திருக்கிறாள். கையில் பிரம்பு இல்லை. "அடிச்சா வாய் இன்னும் இறுகிடும்க்கா. அவளுக்கு எதுல ஆசைன்னு ஒரு வாரம் பாத்தேன். கண்ணு டஸ்டர் மேலயே இருக்கு. கரும்பலகை அழிக்கணும் அவளுக்கு."

டீச்சர் முகத்தை நிமிர்ந்து பார்த்தால் ஒரு வரி அழிக்கலாம். அதுதான் முதல் படி. அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் புறாவைப் பெட்டியில் வைத்து, சொன்னபடி திரும்பும்போதெல்லாம் தானியம் போட்டுப் பழக்கினாரே — அதே அண்ணாமலை நகரில் பி.ஏ.வில் நானும் அதைப் படித்தேன். பரீட்சையில் எழுதினேன், மறந்தேன். இவள் அதை வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "புறாவுக்குத் தானியம், நம்ம பொண்ணுக்கு டஸ்டரா?" என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 30

பாட்டு சொல்லும்போது உதடு அசைந்ததாம். ஐந்து வரி அழித்தாள்.

செப்டம்பர் 8

அழுதுகொண்டே வந்தாள். டஸ்டர் தரவில்லையாம். எனக்கு ஆத்திரம். நேரே போய்க் கேட்டேன். "இத்தனை நாள் உதடு அசைச்சா குடுத்தீங்க. இன்னிக்கும் அசைச்சிருக்கா. ஏன் குடுக்கல? என் பொண்ணு என்ன வெளயாட்டுப் பொருளா?"

டீச்சர் கோபிக்கவில்லை. "அது வந்துடுச்சுக்கா. இனிமே சத்தம் வந்தாத்தான். ரெண்டு நாள் முரண்டு பண்ணுவா, அப்புறம் புதுசா ஏதாவது செஞ்சு பாப்பா."

கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு காட்டினாள். நாள் நாளாக மெல்ல மேலே ஏறுகிற என் குழந்தை. நாற்பத்தைந்து பிள்ளைகளுக்கு நடுவில் இதை எப்போது குறித்தாள்? கத்தியதற்கு வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 13

சத்தம் வந்துவிட்டது. பக்கத்துப் பிள்ளைக்கு மட்டும் கேட்கிற அளவு.

அக்டோபர் 4

டீச்சர் வீட்டுக்கு வந்தாள். காபி குடித்துக்கொண்டே அமராவதியிடம் ஏதேதோ கேட்டாள் — காலையில் என்ன சாப்பிட்டாய், பொம்மைக்கு என்ன பேர். கிளம்பும்போது நோட்டைப் பிரித்தாள். "ஏழு கேள்வி கேட்டேன்க்கா. எல்லாமே பாப்பாகிட்ட. ஏழுக்கும் நீங்கதான் பதில் சொன்னீங்க."

நானா?

"சும்மா இருந்தா அம்மா பேசிடறாங்க. அப்புறம் அவ எதுக்குப் பேசணும்? பேசாம இருக்க அவளப் பழக்கினது நீங்க. பதில் சொல்ல உங்களப் பழக்கினது அவ."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவள் போனபிறகு யோசிக்கிறேன். டாக்டர், மளிகைக்காரர், பஸ்ஸில் கன்னத்தைக் கிள்ளுகிறவர்கள் — பிள்ளை தலை குனிவதற்குள் என் வாய் முந்திக்கொள்கிறது. பாவம், கூச்சப்படுமே என்றுதான். அந்தக் கூச்சத்துக்கு இத்தனை வருஷமாகத் தானியம் போட்டது நான்.

நவம்பர் 13, சிதம்பரம்

தீபாவளிக்கு நாத்தனார் பட்டம்மாள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். அண்ணி தட்டோடு வந்தார். "முறுக்கு வேணுமா, அதிரசம் வேணுமா?" அமராவதி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அதிரசம் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஏன் தனக்கோடி, நீயும் ஊமையாயிட்டியா? பி.ஏ. படிச்ச வாயாச்சே." எல்லோரும் சிரித்தார்கள்.

"அவளே சொல்லட்டும் அண்ணி."

அண்ணி தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிள்ளை அந்தத் தட்டையே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் எல்லாம் ஒரு அம்மாவா? பிறகு புடவையை விட்டுவிட்டு உள்ளே போனாள். எழுந்து ஓடக் கூடாதென்று கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்து அண்ணி குரல் கேட்டது:

"அடி ஆத்தே, இவளுக்கு ரெண்டும் வேணுமாமே."

டிசம்பர் 14, கடலூர்

பரீட்சை. டீச்சர் என்னை வர வேண்டாம் என்றுவிட்டாள். "நீங்க கதவுகிட்ட நின்னா அவ உங்க வாயைத்தான் பாப்பா." களைந்த அரிசியையே மூன்று தடவை களைந்தேன். மாலையில் டீச்சரே அவளை அழைத்துக்கொண்டு வந்தாள்.

தலைமையாசிரியர் வாசிக்கச் சொல்லிக் காத்திருந்தாராம். ஒன்றுமில்லை. புத்தகத்தை மூடப் போனாராம். அப்போது வாசித்திருக்கிறாள், மூன்று வரி. "ரெண்டாவது பெஞ்சுக்கு மேல கேக்கலக்கா. ஐயாதான் குனிஞ்சு கேட்டாரு. போதும், இங்கயே இருக்கட்டும்னுட்டாரு."

டீச்சருக்கு ஒரு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாளோ என்னவோ.

1967 ஜனவரி 22

சிதம்பரம் போக ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நின்றேன். திரும்பிப் பார்த்தால், பெஞ்சில் யாரோ ஒரு அம்மாள் அமராவதியிடம் குனிந்து ஏதோ கேட்கிறார். இவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். அந்த அம்மாள் சிரிக்கிறார். வரிசையை விட்டு நான் நகரவில்லை.

என்ன பேசினார்கள் என்று வண்டியில் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.