இடது கையை நீட்டிய நாள்

கள்ளிக்குப்பம்
21.11.1988

அன்புள்ள ஜெயசீலிக்கு,

நான் நலமே. உன் இருமல் நின்றதா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

ஞாயிறுதோறும் சாரணப் பிள்ளைகளின் முகாமில் நான் சமைத்துப் போடுவது உனக்குத் தெரியும். அதற்காகப் போன வாரம் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, அவர்களுடைய ஸ்கார்ஃபை என் கழுத்தில் கட்டினார்கள்.

நான் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை. பயப்படாதே, ஜெயா. ஆகஸ்டில் கம்பெனி மிஷினில் இரண்டு விரல் போய்விட்டது. புண் ஆறிவிட்டது. உன்னிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

எப்படிக் கை கொடுப்பதென்று தெரியாமல் நின்றேன். சாரண ஆசிரியர் வரதன் தன் இடது கையை நீட்டினார். "இன்னா பாஸ்கல், முழிச்சிகினு கீறே? சாரணருங்க அல்லாரும் இடது கையிலதான் கை குடுப்போம்" என்றார். முப்பது பிள்ளைகளும் வரிசையாக வந்து அப்படியே கொடுத்தார்கள்.

கிறிஸ்மஸுக்குச் சட்டை தைத்தால் பொத்தான் வேண்டாம், தலைவழியாகப் போடுகிற மாதிரி தை. பொத்தான் போட்டுவிட இங்கே ஆளில்லை.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. மூன்று மாதமாக வேறு கையெழுத்தில் கடிதம் வந்ததே, அது ரூமில் இருக்கும் ராயப்பன் எழுதியது. இது கோணல்மாணலாக இருந்தாலும் நானே எழுதியது, இடது கையால்.

உன்
பாஸ்கல்