பூட்டிய வீட்டுக்கான பாலிசி

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். பாலிசியின் இரண்டாம் பக்கத்தில், உன் கையெழுத்துக்கு மேலேயே இருக்கிறது.

புயல் மாதம் நெருங்குகிறதே, எதற்கெல்லாம் காப்பீடு இருக்கிறது என்று பார்த்து வைப்போம் என்றுதான் பீரோவிலிருந்து அந்த உறையை எடுத்தேன். சன்னல், வெள்ளம், மரம் விழுவது எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசியில் ‘பூட்டிய வீடு’ என்ற கட்டத்தில் ஒரு டிக். பெயர் சொல்லாமல் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். விரிசல் விட்ட கூரைக்குக் கீழே ஆள் இருந்தால், செப்பனிட்ட பிறகே பாலிசியாம். பூட்டிக் கிடந்தால் அப்படியே தருவார்களாம். யாராவது இருப்பது தெரிந்தால் ரத்து. ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் மதிப்பு என்று புரிந்துகொண்டேன்.

செப்பனிட நம்மிடம் வழியில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அம்மா நம் கூரை விரிசலுக்கு நேர் கீழேதான் தூங்குகிறாள். திருத்தி எழுதிக் கொடு. ரத்தானால் ஆகட்டும்.

அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. நான் அதே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

அண்ணா,

எனக்குப் பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மட்டும் போன் செய்திருக்கிறாய். என்ன சொன்னான் என்று கேட்டால், உனக்கெதுக்குடி, அவன் நல்லதுக்குத்தான் சொல்லுவான் என்கிறாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டில் இல்லை. எங்கும் போகவில்லை, இல்லாமல் இருக்கிறாள். துணியை உள்ளறையில் காயப்போடுகிறாள். இருமல் வந்தால் தலையணையில் முகம் புதைக்கிறாள். நடந்த தரையைத் தானே துடைத்துக்கொண்டு பின்வாங்குகிறாள். நான் மதியம் வந்து கூப்பிட்டால் பதில் இல்லை. திரும்பினால் கதவுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கத்தினால், மெதுவாப் பேசு, பக்கத்துல கேக்கும் என்கிறாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர், அம்மாவை அண்ணன் கூட்டிட்டுப் போயிட்டானா, நல்ல புள்ளை என்று என்னிடமே உன்னைப் பாராட்டினார்.

போன வாரம் கம்பெனி ஆள் பார்வையிட வந்திருக்கிறார். தட்டிப் பார்த்துவிட்டு, சன்னல் வழியாகப் படம் எடுத்துப் போனார். உன் பெயருக்கு நகல் தபாலில் வந்தது. வெறும் நாற்காலி தெரிகிறது. மடித்த போர்வை தெரிகிறது. சுவரில் ஈரத்தின் கறைகூடத் தெரிகிறது. அப்போது அம்மா அந்த அறையில்தான் இருந்தாளாம். எங்கே என்று கேட்டேன். நாற்காலியைத் தொட்டுக் காட்டினாள். அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முந்தாநாள் வார்டு அலுவலக ஆட்கள், புயல் முகாமுக்குக் கூட்டிப்போகும் வேனுக்குப் பெயர் எடுக்க வந்தார்கள். மூன்று தடவை தட்டிவிட்டு, வாசல் கதவில் சாக்பீஸால் ‘காலி’ என்று எழுதிப் போனார்கள். நேற்று அதை அழித்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது மறுபடி இருந்தது. அம்மாவின் விரல் நுனிகள் வெள்ளையாக இருந்தன.

வார்டு அலுவலகத்தில் போய் அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டேன். வேன் வரும். தட்டினால் இவள் திறக்கமாட்டாள்.

நாளை மறுநாள் புயல். நாளை காலையிலிருந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியை விட்டு நாங்கள் வெளியே வரக்கூடாது. அம்மாவைக் கூட்டி வரட்டுமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். வேலையாட்களின் வீட்டு ஆட்களுக்கெல்லாம் இடமில்லையாம். படுக்கை விரிப்புகளுக்கு மட்டும் இரண்டு அறை இருக்கிறது. போகாவிட்டால் வேலை போகும். நீ பணம் அனுப்பாத மாதங்களில் நாங்கள் சாப்பிடுவது அந்த வேலையால்தான்.

தபால் சேராது, நான் கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை என்பதால் இந்தப் பக்கங்களை எழுத எழுதப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். முதல் பக்கத்தை நீ பார்த்துவிட்டாய் என்று போன் காட்டுகிறது.

நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். நீ சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். கம்பெனியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காலையில் நான் கிளம்புவதற்குள் கூப்பிடு. அம்மா, இருக்கியா என்று கேள். இருக்கேன் என்று அவள் வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லும்வரை போனை வைக்காதே.