பயத்தில் சொன்ன உண்மை

குஷாய்குடா, ஹைதராபாத்
23-11-1980, ஞாயிறு

அன்பு மகள் வேதாவுக்கு அப்பா எழுதுவது. உனக்குச் சகல நலன்களும் உண்டாகட்டும்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஹாஸ்டல் சாப்பாடு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டுப் பெருமாள் ஃபாக்டரி வேலையாக வியாழக்கிழமை மெட்ராஸ் வருகிறார். அவரிடம் அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் கொடுத்தனுப்புகிறாள். அம்மாவுக்குக் கண் பரவாயில்லை. புதுக் கண்ணாடி போட்டபின் பேப்பரில் வரன் விளம்பரம் வரைக்கும் படித்துவிடுகிறாள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. எலிசபெத் டீச்சர் வழக்கில் நான் நம் பள்ளி நிர்வாகத்துக்கு எதிராக உண்மையைச் சொன்னதை உன் அறைத்தோழிகளிடமெல்லாம் சொன்னாயாம். உங்கள் பேராசிரியர் அதைக் கேட்டு, ஆசிரியர் உரிமை பற்றி அடுத்த மாதம் நடக்கும் கூட்டத்தில் உன்னையே பேசச் சொல்லியிருக்கிறாராம். "அப்பா, நீங்கள் எனக்குப் பெருமை" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை என்னால் இரண்டாம் முறை வாசிக்க முடியவில்லை. நீ அந்தக் கூட்டத்தில் பேச வேண்டாம் அம்மா. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். போன வருஷம் ஜூலை பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, ஆறாவது பீரியடு. பத்தாம் வகுப்பில் எலிசபெத் அடிப்படை உரிமைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நாச்சாரத்தில் ஒரு ஃபாக்டரியில் கதவடைப்பு நடந்த சமயம் அது. அங்கே வேலை செய்யும் ஒருவருடைய பெண் எழுந்து, "எங்க நாய்னா கேட் முன்னால கூட்டம் போடலாமா மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள். அமைதியாகக் கூடலாம், சட்டம் இடம் கொடுக்கிறது என்று எலிசபெத் சொல்லியிருக்கிறாள். முதலாளி தரப்பு நியாயத்தையும் கேட்டு வந்து இரண்டையும் கட்டுரையாக எழுதுங்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஃபாக்டரி நம் பள்ளி கரஸ்பாண்டென்டுடையது.

பத்து நாளில் அவளை சஸ்பெண்ட் செய்தார்கள். குழந்தைகளைக் கலவரத்துக்குத் தூண்டினாள் என்று குற்றச்சாட்டு. அன்று மாலையே அவள் நம் வீட்டுக்கு வந்தாள். நீ காலேஜிலிருந்து வந்திருக்கவில்லை. "நீங்க எனக்காகப் பேச வேண்டாம் சார். என்னைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொன்னாப் போதும்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். அம்மா அவளை உட்கார வைத்துத் தோசை வார்த்துப் போட்டாள்.

அடுத்த வாரம் கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் டைப் அடித்த ஒரு தாள் இருந்தது. அந்த ஆறாவது பீரியடில் நான் வராந்தாவில் நடந்து போனபோது, "உங்கள் அப்பாக்களைக் கேட்டை உடைக்கச் சொல்லுங்கள்" என்று எலிசபெத் மாணவர்களிடம் சொன்னதை என் காதால் கேட்டதாக அதில் இருந்தது. நான் அதை இரண்டு தரம் படித்தேன். "கைக்கு பரேஷான் ஹோதே மாஸ்டர் சாப்?", ஏன் கவலைப்படுகிறீர்கள் என்று அவர் உருதுவில் கேட்டுச் சிரித்தார். பதினோரு வருஷமாகியும் எனக்கு நிரந்தர உத்தரவு வரவில்லை என்பதை நினைவுபடுத்தினார். நான் கையெழுத்துப் போட்டால் எலிசபெத் விஷயம், என் உத்தரவு இரண்டும் ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்றார். அவர் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டேன்.

வேதா, அந்தப் பிற்பகல் நான் பள்ளியிலேயே இல்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன்.

அந்த ஒரு தாளை வைத்து அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். முறையான விசாரணை இல்லை. கல்வி இலாகாவின் அனுமதி வாங்காமல் ஓர் ஆசிரியரை நீக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதையும் மதிக்கவில்லை. தாளில் யார் கையெழுத்து என்று அவளுக்குக் காட்டக்கூட இல்லை. அதனால் அவள் மறுபடியும் என்னையே தேடி வந்தாள். அன்று கதவைத் திறந்தது நீ. "அப்பா ஊரில் இல்லை என்று சொல்" என்று உன்னிடம் சொல்லிவிட்டு நான் சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உனக்கு வரலாற்றில் ஆசை உண்டாக்கியவள் அவள். அவள் முகத்தைப் பார்த்து உன்னைப் பொய் சொல்ல வைத்தேன். ஏன் என்று நீ கேட்டபோது தலைவலி என்றேன்.

அவள் மேல்முறையீடு செய்தாள். பதினாலு மாதம் வேலையில்லாமல், லாலாகுடாவில் வயதான அம்மாவோடு ஓர் அறையில் இருந்துகொண்டு, தையல் வகுப்பு நடத்தினாள். இந்தச் செப்டம்பரில் விசாரணை வந்தது. நிர்வாகத்தின் சாட்சியாகத்தான் என்னை அழைத்துப் போனார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று காரிலேயே இரண்டு தரம் ஒப்பிக்கச் சொன்னார்கள். ஒப்பித்தேன். அதையே சொல்லத்தான் உள்ளே போனேன். இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எலிசபெத்தின் வக்கீல் ஸ்ரீனிவாசன் எழுந்தார். அவர் கைக்கு அடியில் காக்கி அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்று இருந்தது. "அந்த ஆறாவது பீரியடில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டபடி அதைத் திறக்கப்போனார். நம் பள்ளி வருகைப் பதிவேட்டுக்கும் அதே மாதிரி அட்டைதான். என் அரைநாள் லீவு அதில் இருக்கிறது, பிடிபட்டுவிட்டேன், பொய்ச்சாட்சிக்கு ஜெயில் என்று நினைத்தேன். "நான் பள்ளியில் இல்லை. நான் எதையும் கேட்கவில்லை. எழுதி வைத்திருந்ததில் கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் எலிசபெத் அழுதாள்.

வெளியே வராந்தாவில் ஸ்ரீனிவாசன் அந்த நோட்டைப் பைக்குள் வைப்பதைப் பார்த்தேன். அது எலிசபெத்தின் பாடக்குறிப்பு நோட்டு. என் லீவு பற்றி அந்த அறையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாது என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

போன மாதம் தீர்ப்பு வந்தது. பாடத்தையொட்டி மாணவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது ஆசிரியரின் வேலை, அது குற்றமாகாது என்று எழுதி, அவளை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னார்கள். என்னையும் நீக்கிவிட நிர்வாகம் பார்த்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின் விசாரணையில்லாமல் யார்மேலும் கைவைக்கப் பயப்படுகிறார்கள். அவள் பட்டினி கிடந்து வாங்கிய பாதுகாப்பில் நானும் சம்பளம் வாங்குகிறேன்.

சேர்ந்த அன்று பிரேயரில் அவள் என்னைக் காட்டி, "பயப்படாம உண்மை பேசுறவங்க நம்ம ஸ்கூல்ல இருக்காங்க" என்று சொன்னாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் தலை குனிந்து நின்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். தினமும் ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "சாப்பிட்டாச்சா சார்?" என்று கேட்பாள். ஒரு மாதம் இதைச் சுகமாக அனுபவித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உன் கடிதம் வந்திருக்காவிட்டால் இன்னும் அனுபவித்துக்கொண்டிருப்பேன்.

அம்மாவிடம் முந்தாநாள் சொன்னேன். "அந்தப் பொண்ணு நம்மாத்துல எத்தனை நாள் சாப்ட்டிருக்கா! ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிண்டு போன நாளையா வித்தேள்?" என்று கேட்டாள். அதற்குமேல் பேசவில்லை. காபி வைக்கிறாள், சாதம் போடுகிறாள்.

நேற்று பள்ளி விட்டபின் எலிசபெத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைப் பார்த்துப் பயந்ததையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னைக்கு ரெண்டாவது தடவை வீட்டுக்கு வந்தேனே, வேதா கதவைத் திறந்தாளே. நீங்க உள்ளேதான் இருந்தீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களை எடுத்துக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

உன்மேல் அவளுக்குக் கோபம் இருக்காது. ஆனாலும் நீயே அவளுக்கு ஒரு கடிதம் எழுது. நான் சொல்லிக்கொடுத்த பொய் அது என்று எழுது. கூட்டத்தில் பேசத்தான் வேண்டும் என்றால் அவளைப் பற்றிப் பேசு. என் பெயர் வந்தால் நடந்தபடியே சொல். எனக்காக ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பனியில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு கிளம்பாதே. நீயும் ஒருநாள் வகுப்பில் நிற்கப் போகிறவள். உன் முன்னால் எந்தத் தாளை நீட்டினாலும், படித்துப் பார்த்து, வேண்டாம் என்று எழுந்து வருகிற மனசை உனக்குத் தெய்வம் கொடுக்கட்டும்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். அம்மா மட்டும் வந்தால் போதும் என்று நினைத்தால் அதையும் எழுதிவிடு. நான் பள்ளியில் வேலை இருப்பதாக அவளிடம் சொல்லிக்கொள்ள மாட்டேன். நீ எழுதியதையே சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
லக்ஷ்மிநாராயணன்