நடுச்சுவர்

மார்ச் 11

இன்றும் மழை. ஓடு ஒழுகுகிறது, வாளி மாற்றி மாற்றிக் கை சலித்துவிட்டது. ஆனாலும் சண்டையில் ஜெயித்தேன். நடுச்சுவரை இடிக்கிறோம்.

கணவன் லுபெனுக்கு மனசு ஒப்பவில்லை. "இத்தனை காலமா நிக்கிற சுவர், உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?" என்று கேட்டான். ஒன்றும் பண்ணவில்லை, கீழ்த்தளத்தை இரண்டு இருட்டு அறையாக வெட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது, அதுதான் அதன் குற்றம். மாடியில் நான் கை வைக்கப் போவதில்லை. மரத்தில் செதுக்கிய சூரியன் இருக்கும் அந்த உள்கூரைக்காகத்தானே இந்த மலையூரில் வந்து வீடு வாங்கினோம். மேலே எல்லாம் பழையபடி. கீழே ஒரே கூடம், வெள்ளைப் பூச்சு, ஆற்றைப் பார்த்து மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல். பிளவ்திவ் நகரத்தில் இத்தனை வருஷம் ஊரார் வீட்டுக்கெல்லாம் வரைந்து கொடுத்தாயிற்று. ஒரு வீடாவது எனக்கென்று இருக்கட்டும்.

மகள் யானாவுக்கு ஒன்பது வயது. பழசு பிடிக்குமா புதுசு பிடிக்குமா என்று அவளையும் கேட்டேன். "எதுல நெட் வரும்?" என்றாள்.

மார்ச் 19

அஸேன் மேஸ்திரி வேலையைத் தொடங்கிவிட்டார். வாய் ஓயாத மனிதர். கால்பந்து, மருமகன், முழங்கால் வலி, மறுபடியும் மருமகன். கை மட்டும் அடிக்கடி ஓய்ந்துவிடும். சுவருக்குப் பதிலாக மேலே கொடுக்க வேண்டிய இரும்பு உத்தரம் இன்று வந்து இறங்கியது.

"இது தாங்குமாம்மா?"

"இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருக்கார் அண்ணே."

"போட்டிருப்பார். அவரா மாடியில படுக்கப் போறார்?"

மார்ச் 24

சுவரை அடிவரை இடித்தாயிற்று. ஆற்றுப்பக்கத்து மூலையில், அடிக்கல்லுக்குக் கீழே ஒரு சின்ன மண்கலயம். வாயை மெழுகால் அடைத்திருந்தார்கள். உள்ளே ஒரு நாணல் துண்டு, அதில் சுற்றிய நூல். பழுப்பேறி, மெழுகு தடவிய நூல். அவ்வளவுதான்.

மருமகனின் கார் கதை பாதியில் நின்றுபோனது. அஸேன் தொப்பியைக் கழற்றினார். சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வேலை பாதியில் கிடக்கிறது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ராய்னா அக்கா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா கொண்டுவந்தார். கலயத்தைக் காட்டினேன். தொடவில்லை.

"இது நூல் இல்ல நேவெனா. இது ஆளு."

பாதி எனக்கும் தெரிந்த கதைதான். கட்டடம் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தால், வழியில் போகிற ஒருவருடைய நிழலை அவருக்குத் தெரியாமல் நூல் போட்டு அளப்பார்களாம். அந்த நூலை வைத்து மேலே கட்டிவிடுவார்களாம்.

"அளந்த ஆளு வருஷம் திரும்பறதுக்குள்ள போயிருவாங்க. ஆனா சுவரை விட்டுப் போகமாட்டாங்க. அவங்கதான் தாங்கிப் பிடிக்கிறது."

"இது யாரு, அக்கா?"

"யாருக்குத் தெரியும்? வெயில்ல அந்தப் பக்கம் வந்த ஏதோ ஒரு பாவம்."

அவர் போன பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. பிளவ்திவில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். கட்டட வேலை நடக்கும் இடம் வந்தால் அம்மா என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துவிடுவாள். வேதியியல் டீச்சர் அவள், கோயிலுக்குக்கூடப் போகாதவள். ஏன் என்று கேட்டால் "செங்கல் விழும்" என்பாள். மேகமூட்டமான நாளில் அவள் இழுத்ததே இல்லை. இன்றைக்குத்தான் அது உறைக்கிறது.

மார்ச் 27

அஸேன் திரும்பி வந்தார். கலயத்தை இருந்த இடத்திலேயே வைத்துத் தளம் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு அதைவிட நல்ல யோசனை தோன்றியிருக்கிறது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் நெடுக ஒரு ஒடுங்கிய மாடம், முன்னால் கண்ணாடி, உள்ளே சின்ன விளக்கு. நூலைப் பிரித்து நேராகத் தொங்கவிட வேண்டியது. பழசும் புதுசும் இதைவிட அழகாக எங்கே சேரும்?

"ஆளை எடுத்து அலமாரியில வெப்பாங்களாம்மா?" என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 6

பிளம் மரம் பூத்துவிட்டது. மார்ச் முதல் தேதி வழக்கப்படி கையில் கட்டிய சிவப்பு வெள்ளைக் கயிற்றை யானா இன்றைக்குத்தான் கழற்றிக் கிளையில் கட்டினாள்.

மாடம் முடிந்தது. நூல் கொஞ்சம் நீளம், மேலே பெரிய கல் ஒன்று குறுக்கே இருப்பதால் மாடத்தை உயர்த்த முடியவில்லை. ஒரு சாண் அளவுக்கு வெட்டிவிட்டேன். துண்டு மரத்தூளோடு போய்விட்டது. இப்போது கச்சிதமாக இருக்கிறது. விளக்குப் போட்டதும் லுபென்கூட அசந்துபோனான்.

"முடி வெட்டிவிட்ட மாதிரி இருக்கு அதுக்கு" என்றான்.

ஏப்ரல் 18

கீழே குடிவந்துவிட்டோம். மாலை வெயில் கண்ணாடி வழியாக உள்ளே பாய்கிறது, நான் வரைந்தபோது நினைத்ததைவிட நன்றாக. யானா கண்ணாடியருகே நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிழல் எதிர்ச்சுவரில், மாடத்தை ஒட்டி விழுந்தது. தரையிலிருந்து உச்சிவரை நூலும் நிழலும் ஒரே அளவு.

வேடிக்கைதான் என்று நினைத்தேன். லுபெனைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் யானா நகர்ந்துவிட்டாள்.

நிழல் அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தாமதித்து நகர்ந்தது. என் கண் அசதி.

ஏப்ரல் 23

எங்கள் பூனை கூடத்தை நேராகக் கடப்பதில்லை. நடுச்சுவர் இருந்த கோடுவரை வந்து, அதில் பழைய வாசல் இருந்த இடத்துக்குப் போய், அதன் வழியாகத்தான் அந்தப்பக்கம் போகிறது.

மே 2

நடுப்பகல். லுபென் வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்தான், யானா பள்ளியில். கூடத்தில் நடக்கும் சத்தம். கம்பளிக் காலுறை போட்டு மரப்பலகையில் நடப்பது போன்ற சத்தம் — ஆனால் கீழே நான் போட்டிருப்பது சிமெண்ட் தளம். அடுப்புப் பக்கமிருந்து வந்தது. கோட்டில் நின்றது. பழைய வாசலுக்குப் போய், அந்தப்பக்கம் நுழைந்து, மறுபடி வந்தது. எதையோ தேடுகிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்வது?

மதியம் லுபென் சூப் கிண்ணத்தோடு வந்தான். அவனும் சுற்றித்தான் போனான்.

"ஏன் சுத்திப் போற?"

"எங்க சுத்திப் போறேன்?"

அவனுக்கே தெரியவில்லை.

மே 9

மாடி உள்கூரைச் சூரியனின் குறுக்கே வெடிப்பு. இன்ஜினியர் வந்து உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார், கருவி வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். "பழைய மரம், அப்படித்தான் இருக்கும்." போகும்போது அவரும் பழைய வாசல் வழியாகப் போனார்.

மே 17

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

யானா சில நாளாகவே சரியில்லை. காய்ச்சல் இல்லை, டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்கிறார். வெயிலில் நின்றாலும் குளிர்கிறது என்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை. இடம் மாறினால் சரியாகும் என்று பிளவ்திவில் மாமியார் வீட்டுக்குக் கூட்டிப் போனோம். அங்கேயும் கூடத்தின் நடுவில் எதையோ சுற்றித்தான் போகிறாள். மாமியார் என்னைப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டோம்.

இன்று மதியம் கூடத்தின் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நின்றாள் என்றா சொல்வது? சாய்ந்திருந்தாள். பின்னால் ஒன்றுமில்லை. வெறும் காற்று. அந்தச் சாய்வில் யாராலும் நிற்க முடியாது, விழுந்துவிடுவார்கள்.

"என்னடா பண்ற?"

"ஒண்ணும் இல்லம்மா. சுவர்ல சாஞ்சிருக்கேன்."

ஓடிப்போய் வாரி எடுத்தேன். சட்டையின் முதுகில் சுண்ணாம்பு. பழைய சுண்ணாம்பு, மஞ்சளித்தது. என் வெள்ளைப் பூச்சு இல்லை.

என்ன பண்ணிட்டேன் நான். ஒரு சாண் நூலு. அழகா இருக்கணும்னு ஒரு சாண் நூலை வெட்டினேன், என் புள்ளை அளவுக்கு வெட்டிட்டேன். அன்னிக்கே தெரியும். ஏப்ரல்லயே பாத்தேன். பாத்துட்டு கண் அசதின்னு எழுதி வெச்சேன்.

மே 18

அஸேன் வந்தார். ராய்னா அக்காவும் இருந்தார். நூலை எரித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எரிப்பியா? அது இப்ப யாருன்னு தெரிஞ்சுமா?" என்றார் அக்கா.

அஸேன் மாடத்தருகே போய் நூலின் நுனியை உற்றுப் பார்த்தார். "இதை யாரு வெட்டினது?"

"நான்தான்."

"அப்ப இது அந்த ஆள் இல்லம்மா. அந்த ஆள் இடம் தெரியாம அலையுது." யானா இருந்த பக்கம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"வேற ஒரு நிழல் அளந்து —" என்று ஆரம்பித்தேன்.

"தெரியாம போறவங்களை அளக்கறது பாவம். தெரிஞ்சு நிக்கிறவங்களை அளக்க எனக்குக் கை வராது. சுவர் கட்டணும்னா சொல்லுங்க, கட்டித் தரேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

கட்டுங்கள் என்றேன்.

மே 25

நல்ல வெயில். லுபெனைக் கூப்பிட்டேன்.

"கண்ணாடிக்கு வெளியே வெயில் மறைக்கத் துணிப்பந்தல் போடணும். நான் இங்க நிக்கிறேன். என் நிழல் எவ்வளவு தூரம் விழுதுன்னு அளந்து சொல்லு, அதை வெச்சுத் துணியோட சரிவைப் போட்டுக்கிறேன்."

அப்படியெல்லாம் ஒரு கணக்கும் கிடையாது. பாவம், அவனுக்கு அது தெரியாது. நிழலின் தலைமாட்டில் ஒரு செங்கல்லை நிறுத்தினான். என் குதிகாலருகே மண்டியிட்டு, அஸேனின் லேசர் கருவியைப் பிடித்தான். சிவப்புப் புள்ளி என் நிழல் நெடுக ஓடிச் செங்கல்லில் போய் நின்றது.

"அசையாம நில்லு. எப்பப் பாரு பறக்கற" என்றான். அளவைச் சொன்னான். முகத்தில் மண் ஒட்டியிருந்தது, துடைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் அழுகை வந்தது. வெங்காயம் என்றேன், கையில் வெங்காயமே இல்லை.

மார்ச் மாதத்துச் சிவப்பு வெள்ளை நூல் பெட்டியில் மிச்சம் இருந்தது. அவன் சொன்ன அளவுக்கு வெட்டி, மெழுகு தடவி, மாடத்து நூலின் நுனியோடு முடிச்சுப் போட்டேன். இப்போது அது யானாவின் அளவு இல்லை.

மே 26

இடித்த கல்லையே எடுத்து அஸேன் கட்டுகிறார். பாதி நீளத்துக்குத்தான், தோள் உயரம். அவர் சாப்பிடப் போன நேரத்தில் நூலைச் சுற்றிக் கலயத்தில் போட்டு, மூலையில் வைத்துக் கலவையால் மூடினேன். அவசரத்தில் சிவப்பு நூலிழை ஒன்று வெளியே தெரிந்தது போலிருக்கிறது.

திரும்பி வந்தார். பார்த்தார். அதன் மேல் கல்லை வைத்துத் தட்டினார். சாயங்காலம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை, மருமகனைப் பற்றிக்கூட.

போகும்போது வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

ஜூன் 3

யானா பள்ளியிலிருந்து வந்து, பையை எறிந்துவிட்டு, கூடத்தின் திறந்த பாதியில் நேராக ஓடினாள். நேராக! அவரைச் சூப் இரண்டு கிண்ணம். நெட் சரியில்லை என்று சண்டை. இவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் நான் திட்டு வாங்கியதில்லை.

ஜூன் 20

மாடி வெடிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பாதிக் கற்சுவர், அதற்கப்பால் கண்ணாடி, நடுவில் வெளிச்சம். நான் வரைந்ததைவிட இதுதான் அழகு. கூடம் இப்போதுதான் கூடமாக இருக்கிறது.

காலி மாடத்தில் யானா தன் பேட்டரி பொம்மைகளை அடுக்கியிருக்கிறாள்.

செப்டம்பர் 12

தலைநகர் சோஃபியாவிலிருந்து வீட்டலங்காரப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். படம் எடுக்கிற பெண் கற்சுவர்ப் பக்கமே திரும்பத் திரும்பப் போனாள். "இந்த மூலையில என்னவோ இருக்குங்க. யாரோ நிக்கிற மாதிரி ஒரு கதகதப்பு" என்றாள்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 15

பத்திரிகை வந்தது. படத்தில் யானா தெளிவாக இருக்கிறாள், லுபென் தெளிவாக இருக்கிறான். சுவரருகே புகைபோல ஒன்று. நீ அசைந்திருப்பாய் என்கிறான் லுபென். நான் அசையவில்லை.

நவம்பர் 8

மாமியாருக்குப் பெயர்நாள், அவர் பெயருடைய புனிதரின் திருநாள். லுபெனும் யானாவும் காலையிலேயே பிளவ்திவுக்குக் கிளம்பிவிட்டார்கள். பின்னாலேயே பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு வெளிக்கதவுவரை போனேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பினேன். மறுபடி போனேன். ஜன்னலைச் சாத்தினேனா என்று திரும்பினேன். போன வாரம் கடைக்குப் போகும்போதும் இப்படித்தான். பிளவ்திவ் வேலையையெல்லாம் இனி வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று சொல்லியாயிற்று.

கோட்டைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். குளிரவில்லை. மாலை வெயில் வந்தது. எதிர்ச்சுவரில் நாற்காலியின் நிழல், பூனையின் நிழல், ஜாடியின் நிழல்.

யானா போனில் கூப்பிட்டாள். பாட்டி கேக் வெட்டாமல் காத்திருக்கிறாளாம்.

"அம்மா, எப்பம்மா வர்ற?"

"வரேண்டா கண்ணு. சுவர் காயட்டும்."

ஜூன் மாதமே காய்ந்துவிட்ட சுவர் அது.