சைடுகாருக்கும் சேர்த்து

12.7.1991, வெள்ளி

ஆடி அமாவாசைக்கு மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்க ஸ்கூட்டரில்தான் போவேன். அதற்குள் இன்சூரன்ஸ் முடிந்துவிடும். அதைப் புதுப்பிக்கத்தான் இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஏஜென்ட் புது ஆள், என் வீட்டு விஷயம் தெரியாதவர். வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இடப்பக்கம் பூட்டியிருந்த சைடுகாரில் மணல் மூட்டை இருந்தது.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"காலியா இருந்தா இடப்பக்கம் திரும்பையில தூக்கிருதுல்ல."

"அப்ப ஆளு யாரும் உக்காரலையா? ஆளுக்குன்னாதான் தனியா பணம் கட்டணும். அத எடுத்துருதேன், உங்களுக்கும் மிச்சம்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"ஏன் உக்கார மாட்டா? எம் பொண்டாட்டி உக்காருவா, அமாவாசைக்கு மலையடிவாரத்துக்குப் போறோம். அவளுக்கும் சேத்தே போடுங்க."

அவள் தை மாதம் இறந்துபோனாள். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த மூட்டை.

"சரி, போட்டுருதேன். காட்டுப் பாதைல்லா, அவியள நல்லா பிடிச்சிக்கிடச் சொல்லுங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு இடப்பக்கம் திரும்பினேன். "பிடிச்சிக்கோட்டி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டு வாசல் வரும்வரை சைடுகார் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.